காயமுற்ற தமனி தன்னைச் செப்பனிடும் விதம்

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அந்தலூஸின் தலைநகரான குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அல்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியை முழுவதும் அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். தமனி அறுபட்டுப் பீறிடும் இரத்தத்தை நிறுத்த அதில் அவர் நான்கு வழிகளைக் கூறுகிறார். பழுக்கக் காய்ச்சிய கருவியால் சுடுவது ஒன்று. நூலால் இறுக முடிவது மற்றொன்று. இரத்தத்தைக் கட்டும் மருந்துகளை வைத்து அழுத்திக் கட்டுவது வேறொன்று. எஞ்சிய வழி, முதன்முறை படிப்பவரைத் திகைக்க வைக்கும்: பாதி அறுபட்ட தமனியை முழுவதுமாக வெட்டிவிடுங்கள் என்கிறார் அவர். முற்றிலும் துண்டிக்கப்பட்ட தமனியின் இரு முனைகளும் சுருங்கிக் கொள்ளும். இரத்தம் நின்றுவிடும் என்பது அவர் தரும் காரணம்.

இன்றைய அறுவை மருத்துவரும் இதை மறுக்கமாட்டார். பாதி அறுபட்ட தமனியில் அறுபடாத பகுதி, முனைகள் பின்வாங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக் கொள்கிறது. அதனால் காயம் வாய்பிளந்தே இருக்கிறது. முழுவதும் அறுபட்டால் சுவரிலுள்ள தசை தன் வேலையைச் செய்துவிடுகிறது. தமனி என்பது இரத்தம் ஓடும் வெறுங்குழாயாக இருந்திருந்தால் இந்த வழி ஒருநாளும் பலித்திராது. காயத்திற்கு எதிர்வினை புரியும் உயிருள்ள உறுப்பு அது என்பதை, செல் என்ற கருத்தே தோன்றாத காலத்தில், அல்ஸஹ்ராவீ தமது கைப்பழக்கத்தால் அறிந்து பயன்படுத்தினார்.

அவர் கண்ட காயம் வெளியிலிருந்து வந்தது. வாளாலோ கத்தியாலோ நேர்ந்தது. இக்கட்டுரை பேச விழைவது கண்ணுக்குத் தெரியாத வேறொரு காயத்தைப் பற்றி. தமனியின் உட்புறத்தில், இரத்தம் தொட்டுக்கொண்டு ஓடும் பரப்பில் ஏற்படும் காயம் அது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுதியான கொழுப்பு ஆகியவை அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல உண்டாக்குகின்றன. மாரடைப்பு நோயாளியின் இதயத் தமனிக்குள் பலூனைச் செலுத்தி விரிக்கும் மருத்துவர் அதையே ஒரு நிமிடத்தில் உண்டாக்குகிறார். "அடைப்பை எடுத்துவிட்டார்கள்" என்று நம்மவர்கள் கூறுவது வழக்கம். இந்தச் சொல்வழக்கு பிழையான சித்திரத்தைத் தருகிறது என்பது என் கருத்து. பலூன் எதையும் எடுப்பதில்லை. அடைப்பைப் பிளந்து, தமனிச் சுவரை நீட்டிக் கிழித்து, வழியை அகலமாக்குகிறது. அதன் பின்னர் நோயாளி நலம்பெறுவது, கிழிந்த சுவரிலுள்ள செல்கள் அதை எப்படிச் செப்பனிடுகின்றன என்பதைப் பொறுத்தது.

தமனிச் சுவர் மூன்று உறைகளால் ஆனது. புறவுறை இணைப்புத் திசுவால் ஆனது. நரம்புகளும் நுண்ணிய குழல்களும் அதில் உள்ளன. நடுவுறையில் மென்தசைச் செல்கள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டுள்ளன. அல்ஸஹ்ராவீ கண்ட சுருக்கத்திற்குக் காரணம் இவையே. உள்ளுறையின் மேற்பரப்பில், இரத்தத்தை நேரடியாகத் தொட்டவாறு, ஒரே ஒரு செல் கனத்தில் விரிக்கப்பட்ட படலம் உள்ளது. எண்டோதீலியம் எனப்படும் இப்படலத்தின் செல்கள் தட்டையானவை; தரையில் பாவிய ஓடுகளைப் போல ஒன்றோடொன்று நெருங்கி, இரத்தம் ஓடும் திசையிலேயே நீண்டு படுத்திருக்கும்.

நீண்ட காலம் இப்படலத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. குழாயின் உட்பூச்சு என்ற அளவிலேயே அது கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியது நியூயார்க்கில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வு. அசிட்டைல்கோலின் என்னும் பொருள் உயிருள்ள உடலில் இரத்தக் குழல்களை விரிக்கிறது. ஆனால் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளில் அதே பொருள் சுருக்கத்தையே உண்டாக்கி வந்தது. துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்பரப்பு தற்செயலாக உராய்ந்து, படலம் உரிந்து போயிருந்ததே இம்முரணுக்குக் காரணம் என்று அவர் கண்டறிந்தார். படலம் சேதமுறாத துண்டுகள் விரிந்தன; உரிந்தவை சுருங்கின. படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, கீழேயுள்ள தசையைத் தளரச் செய்கிறது என்று 1980-இல் ஃபர்ச்காட் வெளியிட்டார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயுவே என்பது 1987-க்குள் தெளிவாகிவிட்டது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிட்டியது. வெடிமருந்தாகிய நைட்ரோகிளிசரினால் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, அவருடைய இறுதி நாட்களில் இதய நோய்க்கு மருந்தாக மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின்தான். அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறியே வேலை செய்கிறது.

நலமான எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடோடு, 1976-இல் கண்டறியப்பட்ட புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருளையும் சுரக்கிறது. இவ்விரண்டும் தசையைத் தளர்த்துவதோடு, இரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் தடுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடுக்கு வேறொரு பணியும் உண்டு: நடுவுறையின் தசைச் செல்கள் பெருகாமல் அது அடக்கி வைக்கிறது. படலம் உரியும்போது ஏன் இத்தனையும் ஒரே வேளையில் குலைகின்றன என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

படலம் உரிந்தவுடன் கீழேயுள்ள கொலாஜன் இழைகள் இரத்தத்திற்கு வெளிப்படுகின்றன. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வான் வில்லிபிராண்ட் புரதம் அவற்றின்மீது படிகிறது. 1926-இல் பால்டிக் கடலின் ஆலந்து தீவுகளில் பரம்பரையாக வந்த இரத்தக் கசிவு நோயை விவரித்த ஃபின்லாந்து மருத்துவரின் பெயரைத் தாங்கிய புரதம் இது. அமைதியான ஓட்டத்தில் இது நூலுருண்டையைப் போலச் சுருண்டு கிடக்கும். தமனியின் வேகமான ஓட்டம் இழுக்கும்போது நூல் பிரிந்து நீள்கிறது. தட்டணுக்கள் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதிகள் வெளிப்படுகின்றன. எண்டோதீலியச் செல்கள் இப்புரதத்தை முன்கூட்டியே தயாரித்துத் தமக்குள் சிறு பைகளில் சேமித்து வைத்திருக்கின்றன என்பதும் கவனத்திற்குரியது. அமைதிக் காலத்தில் உறைவைத் தடுக்கும் அதே செல், காயத்தின்போது உறைவிற்கு வேண்டிய பொருளையும் கையிருப்பில் வைத்திருக்கிறது.

சில நிமிடங்களில் உரிந்த பரப்பு முழுவதும் தட்டணுக்களால் மூடப்படுகிறது. காயம் ஆழமாக இருந்தால் ஃபைப்ரின் வலை பின்னப்பட்டு உறைகட்டி உருவாகிறது. தட்டணுக்கள் அங்கே அடைப்பானாக மட்டும் அமர்ந்திருப்பதில்லை. தம்முள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் ஒரு பொருளே தசைச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் காட்டினர். தமனித் தடிப்பு நோய் முழுவதையுமே 'காயத்திற்கான எதிர்வினை' என்று விளக்கும் கோட்பாட்டை ராஸ் அதையொட்டி வளர்த்தெடுத்தார். படலம் உரிந்தால்தான் நோய் தொடங்கும் என்ற தொடக்ககாலக் கருத்து பின்னர் தளர்ந்தது. உரியாமலேயே படலம் செயல்குன்றினால் போதும், அழற்சி தொடங்கிவிடும் என்று 1999-இல் அவரே எழுதினார்.

அடுத்து நடப்பதே இக்கதையின் மையப்பகுதி. நடுவுறையின் மென்தசைச் செல் சாதாரணமாகச் சுருங்குவதும் தளர்வதுமாகிய ஒரே தொழிலை உடையது. இதயத்தசைச் செல் தன் தொழிலை விட்டு வேறொன்றாக மாறுவதில்லை. மென்தசைச் செல் மாறும். காயத்தின் செய்தி எட்டியதும் சுருங்கும் புரதங்களைக் குறைத்துக்கொள்கிறது. பிரிந்து பெருகவும், நகரவும், கொலாஜன் முதலிய பொருள்களைச் சுரக்கவும் தொடங்குகிறது. காவல் பணியிலிருந்தவர் கொத்தனார் வேலைக்கு மாறியதைப் போல என்று கொள்ளலாம்.

இம்மாற்றத்தின் கால அட்டவணையை, எலியின் கழுத்துத் தமனியில் சிறு பலூனைச் செலுத்தி, அதன் உட்படலத்தை முழுவதும் உரித்துச் செய்த ஆய்வுகளால் அறிந்தோம். சியாட்டிலில் அலெக்சாண்டர் குளோஸ், மைக்கேல் ரெய்டி ஆகியோர் 1980-களில் இவற்றை நடத்தினர். முதல் நாளிலேயே தட்டணுக்களின் குவிப்பு ஓய்ந்துவிடுகிறது. இரண்டாம் நாள் நடுவுறையில் தசைச் செல்கள் பிரியத் தொடங்குகின்றன. ஏறத்தாழ நான்காம் நாள், செல்கள் நடுவுறைக்கும் உள்ளுறைக்கும் இடையிலுள்ள மீள்தகடு எனும் வேலியைத் துளைகளின் வழியே கடந்து உள்ளே வருகின்றன. இரண்டு வாரங்களில் அவற்றின் எண்ணிக்கை உச்சத்தை எட்டுகிறது. அதன் பிறகும் உள்ளுறை தடிக்கிறது என்றால், அது செல்களின் பெருக்கத்தால் அன்று, அவை சுரந்து குவிக்கும் பொருளாலேயே.

இங்கு ஒரு நுட்பம் தெளிவாயிற்று. தட்டணுக்களின் காரணியைத் தடுத்தபோது செல்களின் பிரிவு பெரிதாகக் குறையவில்லை. உள்ளுறைக்கு அவை இடம்பெயர்வதே குறைந்தது. பிரிவைத் தூண்டும் முதல் செய்தி, பலூனின் அழுத்தத்தில் நசுங்கி இறந்த தசைச் செல்களிலிருந்தே கசிகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் அச்செல்களுக்குள் இருந்தது. அதை எதிர்ப்பொருளால் முடக்கியபோது பிரிவு பெருமளவு குறைந்ததை 1991-இல் லிண்ட்னரும் ரெய்டியும் காட்டினர். இறந்த செல் விட்டுச்செல்லும் பொருளே, தப்பிய செல்லைப் பெருகச் சொல்லும் ஆணையாகிறது.

இதற்கிடையில் எண்டோதீலியம் சும்மா இருப்பதில்லை. உரியாத ஓரங்களிலுள்ள செல்கள் முதலில் தட்டையாக விரிந்து வெற்றிடத்தை மூட முயல்கின்றன. பின்னர் பிரிந்து முன்னேறுகின்றன. மெல்லிய கம்பியால் சில செல்கள் அகலத்திற்கு மட்டும் கீறிய காயம் ஓரிரு நாட்களில் மூடிக்கொள்கிறது; அதன்கீழே தசைச் செல்கள் பெருகித் தடிப்பதும் இல்லை. நீளமாக உரித்த தமனியிலோ, இரு முனைகளிலிருந்தும் வளரும் படலம் ஆறு வாரங்களுக்குப் பின் நின்றுவிடுகிறது. நடுப்பகுதி மூடப்படாமலே எஞ்சுகிறது. தடிப்பு மிகுவதும் அப்பகுதியில்தான். ஆகவே காயமுற்ற தமனியில் இரு வகைச் செல்களுக்கு இடையே ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது என்று கூறலாம். படலம் முந்தினால் தசைக்கு ஓய்வாணை பிறக்கிறது. தசை முந்தினால் வழி குறுகுகிறது.

மூடும் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இடையில் ஒரு பெரும் நம்பிக்கை எழுந்து அடங்கியது. எலும்பு மச்சையிலிருந்து புறப்பட்டு இரத்தத்தில் மிதந்துவரும் முன்னோடிச் செல்களும் எண்டோதீலியமாக மாறக்கூடும் என்று ஜப்பானிய ஆய்வாளர் தகாயுகி அசஹாரா 1997-இல் அறிவித்தார். அச்செல்களைப் பிடித்து நிறுத்தும் பூச்சுடைய ஸ்டென்ட்கள்கூட உருவாக்கப்பட்டன. எனினும் அவ்வாறு எண்ணப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வெள்ளணு வகையைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெரிந்தது. அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து உதவுகின்றன. சுவரில் ஓடாகப் பதிவதில்லை. செப்பனிடுவது பெரும்பாலும் காயத்தின் ஓரத்தில் இருக்கும் அண்டைச் செல்களே.

இனி மருத்துவமனைக்கு வருவோம். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக், 38 வயதுடைய ஒருவரின் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூனை விரித்தார். இதயத்தின் தசைக்கு உணவளிப்பவை அதற்குள்ளேயே பரவியுள்ள குழல்கள் என்று, கி.பி. 1242-இல் இப்னு சீனாவின் உடற்கூற்றுக்கு எழுதிய விரிவுரையில் இப்னுந் நபீஸ் குறித்த அதே குழல்கள் இவை. அந்த முதல் நோயாளியின் தமனி பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்தே இருந்தது. ஆனால் அவர் பேறுபெற்றவர். பலூன் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் அதே இடம் மீண்டும் குறுகியது.

எலியில் கண்ட தடிப்பே இங்கும் நிகழ்கிறது என்று கருதி, எலியில் பலித்த மருந்துகளை மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். இரத்த அழுத்த மருந்தாகிய சிலாசாப்ரில் எலியின் தடிப்பை நன்றாகவே தடுத்திருந்தது. 1992-இல் வெளியான மனித ஆய்வில் அதனால் பயன் ஏதும் இல்லை. நலமான எலியின் தமனியும் பல்லாண்டு நோயுற்ற மனிதத் தமனியும் ஒன்றல்ல. மேலும், மனிதரில் மீண்டும் குறுகியதற்கு உள்ளுறையின் தடிப்பு ஒரு பகுதிக் காரணமே. புறவுறை தழும்பாகி, தமனி முழுவதுமாகவே உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டது பெரிய காரணம் என்பதைக் குழலுக்குள் செலுத்திய நுண்ணொலிக் கருவிகள் 1990-களில் காட்டின.

சுருங்காமல் தாங்கி நிற்க உலோக வலைக்குழல் வைக்கலாம் என்ற கருத்து செயலுக்கு வந்தது 1986-இல். பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயேலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட்டும் முதல் ஸ்டென்ட்களை வைத்தனர். தமனி சுருங்குவது நின்றது. ஆயினும் சுவரில் அழுந்திய உலோகம் நீங்காத காயமாக இருந்து, தசைச் செல்களை முன்னைவிட மிகுதியாகத் தூண்டியது. வலையின் இடைவெளிகள் வழியே புதுத்திசு வளர்ந்து, நால்வர் அல்லது ஐவரில் ஒருவருக்கு ஸ்டென்ட்டே அடைத்தது.

இச்சிக்கலுக்கு விடை, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1964-இல் கனடா நாட்டு மருத்துவக் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவில் மண் மாதிரிகளைச் சேகரித்தது. அம்மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து மான்ட்ரியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பூஞ்சைக்கொல்லி பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் பழம்பெயராகிய ராப்பா நூயியைக் கொண்டு அது ராப்பாமைசின் எனப்பட்டது. பிரிவினைக்கு முன், இன்று பாகிஸ்தானில் உள்ள ஓர் ஊரில் பிறந்த சுரேந்திர சேகல் அதன் ஆய்வில் முதன்மையானவர். 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் அவ்வாய்வுக்கூடத்தை மூடியபோது, அந்நுண்ணுயிரியைத் தம் வீட்டின் உறைபதனப் பெட்டியில் அவர் பாதுகாத்து வைத்திருந்தார். செல் பிரிவதற்கு ஆயத்தமாகும் கட்டத்திலேயே அம்மருந்து அதை நிறுத்துகிறது என்பது பின்னர் விளங்கிற்று. சிரோலிமஸ் என்ற பெயரில் அதை ஸ்டென்ட்டில் பூசி, மெல்லக் கசியச் செய்தனர். 238 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், வெறும் ஸ்டென்ட் பெற்றோரில் 26 விழுக்காட்டினருக்கு மேல் மீண்டும் அடைப்பு ஏற்பட்டிருந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றோரில் ஒருவருக்குக்கூட இல்லை.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஸ்டென்ட் வைத்து ஓராண்டுக்கும் மேலாக நலமாக இருந்த சிலருக்குத் திடீரென அதற்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேர்ந்தது. உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்திய சில நாட்களில் இவ்வாறு நேர்ந்த நிகழ்வுகள் 2004-இல் வெளியாயின. 2006-இல் பார்சிலோனாவில் கூடிய இதய மருத்துவர் மாநாட்டில் இது பெரும் விவாதமாக வெடித்தது. இறந்தோரின் தமனிகளை ஆராய்ந்த ரேணு விர்மானியின் குழு அதே ஆண்டில் காரணத்தை எடுத்துக்காட்டியது. வெறும் ஸ்டென்ட்டின் கம்பிகளைப் பத்தில் ஒன்பது பங்கு எண்டோதீலியம் மூடியிருந்தது. மருந்து பூசியவற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் மூடியிருந்தது. எஞ்சிய கம்பிகள் இரத்தத்தில் வெறுமையாக நின்றன.

மருந்துக்குச் செல்லின் வகை தெரியாது. தசையின் பிரிவை நிறுத்தியது போலவே படலத்தின் பிரிவையும் நிறுத்தியது. பந்தயத்தில் ஒருவரைத் தடுக்கப் போட்ட வேலி இருவரையும் தடுத்தது. குறுகிய வழி மெல்லவே நெஞ்சுவலியாக எச்சரிக்கும். ஆறாத காயமோ எச்சரிக்கையின்றி உறையும். மறுஅடைப்பை மட்டுமே வெற்றி தோல்விக்கு அளவுகோலாகக் கொண்ட அன்றைய போக்கு, காயம் ஆறிற்றா என்ற கேள்வியைப் பின்தள்ளிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டென்ட் வைத்தவர்க்கு இரு மாத்திரைகள் தரப்படுவதன் காரணம் இதுவே. ஆஸ்பிரின் தட்டணுவின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. புதிய நொதியைச் செய்துகொள்ள அதனால் இயலாது. தன் ஏழு முதல் பத்து நாள் வாழ்நாள் முடியும்வரை முடங்கியே இருக்கும். எண்டோதீலியச் செல்லுக்கு உட்கரு உண்டு. அது நொதியைப் புதிதாக ஆக்கிக்கொண்டு புரோஸ்டாசைக்ளினைத் தொடர்ந்து சுரக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் ஒன்றை முடக்கி மற்றதை விட்டுவைப்பது இவ்வாறுதான். குளோபிடோகிரல் முதலிய இரண்டாவது மாத்திரை, தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைக்கும் வழியை அடைக்கிறது. படலம் கம்பிகளை மூடும்வரை இவ்விரண்டும் அதன் இடத்தில் நின்று காவல் புரிகின்றன. நோயின் தன்மையையும் இரத்தக் கசிவு அபாயத்தையும் பொறுத்து இக்காலம் சில மாதங்களாகவோ ஓராண்டாகவோ அமையும். வலி நின்றுவிட்டது, மாத்திரை எதற்கு என்று எண்ணித் தாமாகவே நிறுத்திவிடுவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. பல் பிடுங்குவதற்காக மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவோரும் உண்டு. வலி நிற்பது வழி திறந்ததால். காயம் ஆறியதால் அன்று. இரண்டுக்கும் இடையே மாதங்கள் உள்ளன.

பின்னர் வந்த ஸ்டென்ட்களில் கம்பிகள் மெலிந்தன. முதல் சிரோலிமஸ் ஸ்டென்ட்டின் கம்பி 140 மைக்ரான் தடிப்புடையது. எவரோலிமஸ் பூசிய அடுத்த தலைமுறையில் அது 81 மைக்ரான் ஆயிற்று. மெல்லிய கம்பியைச் செல்கள் எளிதில் ஏறிக் கடக்கின்றன, ஓட்டமும் கலங்குவதில்லை. நாட்பட்ட உறைவு வெகுவாகக் குறைந்தது. காயம் ஆறியபின் தானே கரைந்து மறையும் ஸ்டென்ட்டும் முயன்று பார்க்கப்பட்டது. தடித்த கம்பிகளைக் கொண்ட அதில் உறைவு மிகுந்ததால், முன்னணியில் இருந்த ஒன்றின் விற்பனை 2017-இல் நிறுத்தப்பட்டது. உலோகம் எதையும் விட்டுச்செல்லாமல், பலூனிலேயே மருந்தைப் பூசிச் சுவரில் ஒற்றியெடுக்கும் முறை ஐரோப்பாவில் முன்னரே வழக்கத்திற்கு வந்தது. ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டவர்களுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. தசையை மட்டும் நிறுத்திப் படலத்தை ஓடவிடும் மருந்தை ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.